கைப்பட நாலு வரி: தொழிலில் கடிதம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறேன். அதற்கு முன்னால் இன்னொருவர் கடையில் சேல்ஸ் ரெப்பாக இருந்து பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம் லைன் போய்க்கொண்டிருந்தேன். என்னை முதன்முதலில் நன்றி சொல்லிக் கார்டு எழுத வைத்தவர் அந்தக் கடை முதலாளிதான். சனிக்கிழமை சாயங்காலம் கலெக்‌ஷன் கணக்கை ஒப்படைத்ததும், “இந்த வாரம் உனக்கு யாரு நல்லது பண்ணுனாங்க? ரெண்டு பேருக்கு எழுதி வெச்சுட்டுப் போ” என்பார். மேசை டிராயரில் போஸ்ட் கார்டு கட்டு எப்போதும் இருக்கும். இருபது வருடமாகியும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளும், தெரிந்த கடைக்காரர்களின் மகன், மகள்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதாதா?

பல விஷயங்களுக்குப் போதும். சரக்கு ஏற்றியாச்சு, லாரி ரசீது (எல்.ஆர்.) நம்பர் இது, புது விலைப்பட்டியல் இது என்பதையெல்லாம் போனில்தான் சொல்லவேண்டும்.

நன்றி சொல்வது வேறு. ஒரு ஹார்டுவேர் கடைக்காரரின் போனை ஒரு நாள் பார்த்தால் புரியும். காலை ஆறு மணிக்கே குட் மார்னிங் படங்கள், அப்புறம் பத்து கம்பெனிகளின் ஆஃபர், பணம் போட்டதற்கான ஸ்கிரீன்ஷாட், சொந்தக்காரர் வீட்டு விசேஷப் படம். நடுவில் நீங்கள் போட்ட ‘ரொம்ப நன்றி சார்’ மத்தியானத்துக்குள் எங்கோ கீழே போய்விடும். அவர் ஒரு கைகூப்பும் படம் பதிலுக்குப் போட்டிருப்பார். அத்தோடு முடிந்தது.

கார்டு வந்தால் அது முடிவதில்லை. இவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான், முகவரி விசாரித்திருக்கிறான், தபால் பெட்டி வரை நடந்திருக்கிறான் என்பது வாங்குகிறவருக்குச் சொல்லாமலே தெரியும். நம் ஊரில் அதற்கு அழகான சொல் இருக்கிறது: மெனக்கெடுவது. ‘எனக்காக மெனக்கெட்டிருக்கான்’ என்ற எண்ணத்தைப் போனில் அனுப்ப எனக்கு வழி தெரியவில்லை.

உடுமலை லைனில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒரு வைண்டிங் பட்டறை. அங்கே ஒருமுறை பில்லில் கையெழுத்து வாங்கக் குனிந்தபோது மேசைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படம், இ.பி. கார்டு, பக்கத்தில் நான் எழுதிய போஸ்ட் கார்டு. எழுதி நாலு வருடமிருக்கும். அதைப் பற்றிப் பட்டறைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இதனால் வியாபாரம் கூடுமா?

கார்டு எழுதினால் ஆர்டர் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்டுக்காக ஒருவரும் அஞ்சு ரூபாய் விலை கூடுதலாகத் தரமாட்டார். ஸ்டாக் வைக்காத கடையை எத்தனை கடிதம் எழுதினாலும் காப்பாற்ற முடியாது.

நான் கண்டது ஒன்றுதான். ஏதாவது தகராறு வரும்போது, வேறு கடைக்கு மாறுவதற்கு முன்னால், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாறுவார்கள். ‘உங்க சரக்கு ரெண்டு தடவை லேட்டு. இனி இப்படி ஆச்சுன்னா நான் வேற பக்கம் பாத்துக்குவேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற வாடிக்கையாளர் கிடைப்பது பெரிய விஷயம். முக்கால்வாசிப் பேர் சொல்லாமலே போய்விடுவார்கள். சொல்கிறவர் இருந்தால் திருத்திக்கொள்ள நமக்கு ஒரு வாய்ப்பு மிஞ்சும்.

பெரிய கம்பெனிகளிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கேம்பெல் சூப் நிறுவனத்துக்கு 2001 முதல் 2011 வரை தலைமை வகித்த டக் கோனன்ட், ஒரு நாளைக்குப் பத்திலிருந்து இருபது என்று, பத்து வருடத்தில் 30,000-க்கும் மேற்பட்ட நன்றிக் குறிப்புகளைக் கைப்படவே ஊழியர்களுக்கு எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். 2009-ல் அவர் கார் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதே ஊழியர்கள் பல நாடுகளிலிருந்து அவருக்கு எழுதினார்கள். அவர் எழுதிய குறிப்புகள் பொதுப்படையான பாராட்டு அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். இன்னார் இன்ன வேலையை முடித்தார் என்று பார்த்து எழுதியவை.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் என்ன நினைப்பாரோ?

இது எல்லாருக்கும் வருகிற தயக்கம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துப் பார்த்தது. ஆட்களை நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, ‘பெறுகிறவருக்கு எப்படி இருக்கும்?’ என்று எழுதியவர்களிடம் கேட்டார்கள். அப்புறம் பெற்றவர்களிடமும் கேட்டார்கள். பெற்றவர்களுக்கு ஏற்பட்ட சந்தோஷமும் ஆச்சரியமும் எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகம். சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் பயந்த அளவுக்குப் பெற்றவர்களுக்குச் சங்கடமே இல்லை. எழுதியவர்கள் வார்த்தை சரியாக அமைந்ததா என்று கவலைப்பட்டார்கள். வாங்கியவர்கள் பார்த்தது அதிலிருந்த அன்பை.

முதல் மூன்று கார்டுக்குத்தான் கூச்சம் இருக்கும். அப்புறம் கை பழகிவிடும்.

எப்போது எழுதவேண்டும்?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேண்டாம். அந்த நாட்களில் எல்லார் வாழ்த்தும் குவிந்து வரும், உங்களுடையது கூட்டத்தில் கரைந்துவிடும். ஒரு காலத்தில் சிவகாசியில் அச்சாகும் பொங்கல் வாழ்த்து அட்டையைத் தேடித் தேடி வாங்கி அனுப்பினோம். அதன் அழகு வேறு, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் தொழிலில் ஒரு குறிப்புக்குப் பலம் வருவது, எழுதவேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு சாதாரண புதன்கிழமையில் வரும்போதுதான்.

யாராவது தன் வேலையில் இல்லாத ஒன்றை உங்களுக்காகச் செய்தால் அதுதான் நேரம். நான் எழுதியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். மழை ராத்திரியில் எங்கள் பார்சலைத் தார்ப்பாய்க்கு அடியில் இழுத்து வைத்த லாரி ஆபீஸ் புக்கிங் கிளார்க். கடன் விண்ணப்பத்தில் எந்தத் தாள் இல்லை என்பதை முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லி என்னை இன்னொரு நடை அலையவிடாமல் காப்பாற்றிய வங்கி ஊழியர். ‘இந்த பேட்ச் புஷ் சரியில்லீங்க, மோட்டார் லேசா சூடாகுது’ என்று தானாகக் கூப்பிட்டுச் சொன்ன மெக்கானிக் (புஷ் என்பது மோட்டாரின் தண்டு சுழல்கிற உருளை வளையம்). இவர்கள் யாருக்கும் அதனால் ஒரு ரூபாய் லாபமில்லை. செய்யாமல் விட்டிருந்தால் யாரும் கேட்கப்போவதும் இல்லை.

புது ஆளை உங்களிடம் அனுப்பி வைத்தவருக்குக் கட்டாயம் எழுதவேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வந்தவரோடு பேசி வியாபாரம் முடித்துவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு தகவல்கூடச் சொல்வதில்லை. அவர் இன்னொருவரை அனுப்ப யோசிப்பார், அது நியாயமும்கூட.

இடமாற்றம், ஓய்வு, கடையை மகனிடம் ஒப்படைப்பது இவையும் எழுதத் தகுந்த தருணங்கள்தான். நடந்து ஒரு வாரத்துக்குள் எழுதினால் நல்லது. தள்ளிப்போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ‘ஆறு மாசம் முன்னாடியே எழுதியிருக்கணும்’ என்று ஆரம்பித்துக்கூட நான் எழுதியிருக்கிறேன்.

என்ன எழுதுவது? இரண்டாவது வரிக்குமேல் வரமாட்டேன் என்கிறது.

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஆரம்பிப்பார்கள்: ‘தங்களின் மேலான ஒத்துழைப்புக்கு எங்கள் நிறுவனத்தின் சார்பாக மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் இதை ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். பெறுநர் பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வேறு யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும் என்றால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

உதவி செய்கிறவர்களுக்குத் தெரியாமலே போவது ஒன்று உண்டு: அப்புறம் என்ன ஆச்சு என்பது. வழி சொன்னவருக்கு நாம் போய்ச் சேர்ந்தோமா என்று தெரியாது. வேலைக்குச் சிபாரிசு செய்தவருக்கு அந்தப் பையன் எப்படி வேலை செய்கிறான் என்று தெரியாது. அந்த மிச்சக் கதையைச் சொல்லுங்கள். நன்றி என்ற சொல்லைவிட அதற்குத்தான் மதிப்பு. புஷ் சரியில்லை என்று சொன்ன மெக்கானிக்குக்கு நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

‘அன்புள்ள அண்ணா, வணக்கம். செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் சொன்ன பிறகு அந்த பேட்ச் முழுவதையும் எடுத்து அளந்தோம். பதினெட்டு புஷ்ஷில் அளவு கூடியிருந்தது. எல்லாவற்றையும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். நீங்கள் சொல்லியிராவிட்டால் அவை யார் யார் கிணற்றுக்கோ போயிருக்கும். கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதை மறக்கமாட்டேன். ரொம்ப நன்றி. அன்புடன்…’

அவ்வளவுதான். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க விருப்பமிருந்தால் ஆரம்பியுங்கள், பெரியவர்களுக்கு அது பிடிக்கும். மேலே ‘உ’ போட்டு எழுதுகிறவர்கள் அப்படியே எழுதலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். நன்றிக் குறிப்பில் எதையும் கேட்காதீர்கள். ‘அடுத்த ஆர்டரையும் எங்களுக்கே தருமாறு’ என்று கடைசி வரியில் எழுதிவிட்டால், மேலே எழுதியது எல்லாம் அந்த வரிக்காக எழுதியதாகிவிடும். விசிட்டிங் கார்டு வைப்பதும் அதே கணக்கு. புது விலைப்பட்டியலை அந்த உறையிலேயே சொருகி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது.

எப்படி விளிப்பது? சார் என்பதா, ஐயா என்பதா?

நேரில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். கடையில் ‘அண்ணா’ என்று கூப்பிட்டுவிட்டுக் கடிதத்தில் ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு’ என்று எழுதினால், என்னமோ ஆகிவிட்டது என்று அவர் பயந்துவிடுவார். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த கடைக்காரர்களுக்கு அண்ணா பொருந்தும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரிகளுக்கு அண்ணாச்சி என்றால்தான் மனதுக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் நீங்கள் அந்த ஊர்ப் பழக்கம் இல்லாதவராக இருந்து நேரில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றால், கடிதத்தில் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

வங்கி, அலுவலகம், கல்லூரி என்றால் ‘அன்புள்ள ஐயா’ அல்லது ‘அன்புள்ள அம்மா’. பேச்சில் சார், மேடம் என்றே பழகியிருந்தால் ‘வணக்கம் சார்’ என்று எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை. உறையின் மேல் மட்டும் திரு., திருமதி என்று முறையாகப் போடுங்கள். இனிஷியலைச் சரியாகப் போடுவது முக்கியம். ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருப்பார்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

அவரோடு எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதில். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம், ஆனால் டீக்கடையில் தமிழில் பேசுவோம் என்றால், டீக்கடை மொழியைத் தேர்ந்தெடுங்கள். இருபது வருடமாக ஆங்கிலத்தில் மட்டுமே கையெழுத்துப் போட்டுப் பழகிய ஒரு மேனேஜர், நான் தமிழில் எழுதியதைப் படித்துவிட்டுத் தானும் தமிழிலேயே பதில் எழுதினார். எழுத்துப் பிழை இருந்தது, ஒரு றகரம் ரகரமாகியிருந்தது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்காது. டைப் செய்து அனுப்பலாமா?

வேண்டாம். படிக்க முடிந்தால் போதும். வரிக்கு வரி இடம் விட்டு, கொஞ்சம் பெரிதாக, மெதுவாக எழுதுங்கள். முதலில் ஒரு பழைய தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் கார்டில் எழுதினால் அடித்தல் திருத்தல் வராது. ஒரு அடித்தல் வந்தாலும் அப்படியே அனுப்பலாம்.

கையெழுத்து மாதிரியே அச்சிட்டுத் தருகிற எழுத்துருக்களும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். தெரிந்துபோனால், எழுதாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

எதில் எழுதுவது? என்ன பேனா?

போஸ்ட் கார்டே எனக்குப் பிடித்தது. இந்தியாவில் 1879 ஜூலை 1-ல் கால் அணாவுக்கு வந்தது, இன்றைக்கும் விலை 50 பைசாதான். இடம் குறைவு என்பதால் நீட்டி முழக்க முடியாது, அதுவே நல்லது. எல்லாத் தபால் நிலையத்திலும் எப்போதும் ஸ்டாக் இருப்பதில்லை. கிடைக்கும்போது ஐம்பது வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஒன்று நினைவிருக்கட்டும். கார்டைத் தபால்காரர் முதல் கடைப்பையன் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் பணம், கடன், வீட்டு விஷயம், ஒருவரின் உடம்பு சரியில்லாதது இதெல்லாம் கார்டில் வரவே கூடாது. அதற்கு இன்லாண்ட் லெட்டர் அல்லது ஒட்டிய உறை.

உறையில் வைப்பதாக இருந்தால் ஸ்டேஷனரி கடையில் பாண்ட் பேப்பர் என்று கேளுங்கள், 100 ஜி.எஸ்.எம். கனம் போதும். ஜெராக்ஸ் தாளில் மைப்பேனாவால் எழுதினால் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். பேனா எதுவானாலும் சரி, ஆனால் கார்டுக்குச் சாதாரண பால்பாயின்ட் பேனாதான். அதன் மை எண்ணெய் கலந்தது, ஐப்பசி மழையில் நனைந்தாலும் கரையாது. மைப்பேனாவால் எழுதிய முகவரி நனைந்துபோய்த் திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் கையால் கடைந்து செய்கிற எபோனைட் பேனாக்கள் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வைத்திருந்தால் உறைக்குள் போகும் கடிதத்துக்குப் பயன்படுத்துங்கள்.

நிறம் நீலம் அல்லது கறுப்பு. நல்ல செய்தி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிற வழக்கம் கல்யாணப் பத்திரிகைக்குத்தான். தொழில் கடிதத்துக்குத் தேவையில்லை.

தபாலில் போய்ச் சேருமா? கூரியரில் அனுப்பலாமா?

பின்கோடு சரியாக இருந்தால் போய்ச் சேரும். 1972 ஆகஸ்ட் 15-ல் அந்த ஆறு இலக்கம் வந்தது. முதல் 6 நம் தெற்குப் பகுதியைக் குறிக்கும், முதல் மூன்று இலக்கத்தை வைத்தே எந்த ஊர்ப் பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். கோவைக்கு 641, பொள்ளாச்சிக்கு 642. முகவரியைத் தமிழிலேயே எழுதலாம், பின்கோடு மட்டும் தெளிவாக இருக்கட்டும். வெளிமாநிலத்துக்கு என்றால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள்.

கூரியர் வேண்டாம். கையெழுத்துப் போட்டு வாங்குகிற எதுவும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு நடுக்கத்தைக் கொடுக்கும்.

இன்னொரு நல்ல வழி, சரக்குப் பெட்டிக்குள் வைப்பது. பேரிங், சீல் எல்லாம் அடுக்கி, பில்லுக்கு மேலே ஒரு சின்னச் சீட்டு. பெட்டியைப் பிரிக்கிறவர் முதலாளியாக இருக்கமாட்டார், கடைப்பையனாக இருப்பான். அதனால் சில சமயம் அந்தப் பையன் பெயருக்கே எழுதி வைப்பேன். ‘போன தடவை எண்ணிக்கை குறைந்ததைச் சரியாகப் பிடித்துச் சொன்னதற்கு நன்றி, தம்பி’ என்று. அவன் பெயருக்கு அந்தக் கடையில் வந்த முதல் கடிதம் அதுவாக இருக்கலாம்.

தப்பு நம் பக்கம் என்றால் எழுதலாமா?

எழுதவேண்டும், ஆனால் தப்பைச் சரிசெய்த பிறகு. ஒருமுறை எங்கள் ஆள் அளவு மாற்றி உதிரிபாகம் அனுப்பிவிட்டார். ஒரு தென்னந்தோப்பில் மூன்று நாள் மோட்டார் ஓடவில்லை, சித்திரை வெயில். மெக்கானிக் கிணற்றிலிருந்து மோட்டாரை மறுபடியும் தூக்கவேண்டியதாயிற்று. அந்தக் கூலியைக் கொடுத்தோம், சரியான பாகத்தை ஆள் மூலம் அன்றைக்கே அனுப்பினோம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கடிதம்.

அதில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதாதீர்கள். தவிர்த்திருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். என்ன நடந்தது, யாருக்கு என்ன கஷ்டம், இனி எப்படிச் சரிபார்க்கிறோம் என்று நேராக எழுதிவிட்டு நிறுத்துங்கள். மெக்கானிக்குக்கும் தனியாக ஒன்று எழுதவேண்டும். விவசாயியிடம் திட்டு வாங்கியது அவர்தான்.

பாக்கி கேட்டுக் கைப்பட எழுதலாமா?

கூடாது. பாக்கிக்குப் போன் இருக்கிறது, நேரில் போகலாம். ஒருமுறை பாக்கி கேட்டு எழுதிவிட்டால் உங்கள் எழுத்தைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். பாக்கி வைத்திருக்கிறவருக்கு நன்றிக் கடிதம் எழுதுவதையும் பாக்கி தீரும் வரை தள்ளிப்போடுங்கள், அதைக் குத்தல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இன்டர்வியூ முடிந்ததும் எழுதவேண்டுமா?

அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போதும். தபால் போய்ச் சேருவதற்குள் முடிவு எடுத்திருப்பார்கள். முடிவு வந்த பிறகு எழுதுங்கள், குறிப்பாக வேலை கிடைக்காதபோது. ‘நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன்’ என்று எழுதிய ஒரு பெண்ணை எனக்குத் தெரிந்த பட்டறை முதலாளி அடுத்த இடம் காலியானபோது தேடிக் கூப்பிட்டார். அந்த எண்ணத்தோடு அந்தப் பெண் எழுதவில்லை. அதனால்தான் அது அவர் மனதில் நின்றது.

அரசு அதிகாரிகளுக்கு எழுதலாமா?

உங்கள் கோப்பு அவர் மேசையில் இருக்கும்வரை எழுதாதீர்கள். வேலை முடிந்த பிறகு எழுதலாம், அலுவலக முகவரிக்கு, உள்ளே வேறு எதுவும் வைக்காமல். அவரைவிட, அவருடைய மேலதிகாரிக்கு ‘இன்ன நாளில் இன்ன அலுவலர் இப்படி உதவினார்’ என்று எழுதுவது இன்னும் பயன்படும். புகார் மனுக்கள் குவிகிற இடத்தில் பாராட்டி ஒரு தாள் வந்தால் அது அவருக்கு ஒரு பலம்.

எதிர்ப்பாலருக்கு எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ?

ஆண்களும் கேட்கிறார்கள், பெண்களும் கேட்கிறார்கள், நியாயமான கவலை. அலுவலக முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். குணம், சிரிப்பு, உடை எதுவும் வேண்டாம். அந்த அலுவலகத்தில் ஒருவர் சத்தமாக எல்லார் முன்னிலையிலும் வாசித்தாலும் இருவருக்கும் சங்கடம் வராது என்றால் அனுப்பலாம். போஸ்ட் கார்டு இங்கே ரொம்ப வசதி, மறைக்க ஒன்றுமில்லை என்பது அதன் வடிவத்திலேயே இருக்கிறது.

நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு எழுதுவது எப்படி?

சென்னையில் பிறந்து பெப்சிகோவின் தலைமைக்கு வந்த இந்திரா நூயி இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். 2006-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் சென்னையில் அம்மா வீட்டுக்கு வந்தாராம். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் இவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நேரே அம்மாவிடம் போய், பெண்ணை இவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறீர்களே என்று பாராட்டினார்களாம். அப்போதுதான், தன்கீழ் வேலை செய்கிற உயர் அலுவலர்களின் பெற்றோருக்கு யாரும் இப்படி நன்றி சொன்னதில்லையே என்று தோன்றியிருக்கிறது. அதன்பின் வருடத்துக்குச் சுமார் 400 பெற்றோருக்கு, உங்கள் மகன், மகள் இன்ன வேலையைச் செய்கிறார் என்று விளக்கிக் கடிதம் அனுப்பினார்.

என் கடையில் ஒன்பது பேர். தீபாவளி போனஸ் கவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் வைப்பேன், அந்த வருடம் அவர் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு. புதிதாக வந்த பையன் என்றால் அவன் அம்மா அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் ஊருக்குப் போகும். ஒரு எச்சரிக்கை: சம்பளம் கூட்டிக் கேட்கிறவருக்குப் பதிலாகப் பாராட்டுக் கடிதம் கொடுக்கக் கூடாது. கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் பாராட்டவேண்டும்.

துக்க வீட்டுக்கு எழுதலாமா? பழைய ஆட்கள் கூடாது என்கிறார்களே?

சாவுச் செய்தி தாங்கி வந்த கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். அந்த வழக்கத்தால் வந்த தயக்கம் இது. நேரில் போய்த் துக்கம் கேட்பதற்கு எந்தக் கடிதமும் ஈடாகாது, அதை முதலில் செய்யுங்கள். கடிதம் அதற்கு அப்புறம், காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போய் வீடு அமைதியான பிறகு.

‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுத வேண்டாம், அதைச் சுவரொட்டியிலேயே பார்த்திருப்பார்கள். இறந்தவரை வேலை செய்யும் இடத்தில் நீங்கள் எப்படிப் பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். ஒரு மூத்த மெக்கானிக் தவறிப்போனபோது அவர் மகனுக்கு எழுதினேன். மோட்டாரைப் பிரிக்கும் முன்னால் உங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ஓடுகிற சத்தத்தைக் கேட்பார், பிறகு எந்தப் பக்கத்துப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்வார், நான் பார்த்தவரை தப்பியதில்லை என்று. ஒரு மாதம் கழித்து மகன் கடைக்கு வந்தார். அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார், வெளியே அவர் எப்படி என்று எங்களுக்குத் தெரியாது என்றார். அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினாராம்.

பதில் வராவிட்டால்?

வராது. பத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். ‘கார்டு கிடைச்சுதுங்களா?’ என்று போனில் கேட்காதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே?

வாரத்துக்கு இரண்டு போதும், இருபது நிமிடம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். யார் என்ன செய்தார் என்று அப்போதே இரண்டு வார்த்தை குறித்துக்கொண்டால் சனிக்கிழமை யோசிக்கவேண்டியதில்லை. நோட்டின் பின்பக்கத்தில் முகவரிகள். பில் புத்தகத்தில் கடை முகவரி இருக்கும், வீட்டு முகவரியைத் தேடிப் போகாதீர்கள். யாருக்கு எப்போது எழுதினீர்கள் என்றும் ஒரு குறி போடுங்கள். ஒரே ஆளுக்கு வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எழுதினால் அவருக்கு அது பாரமாகிவிடும்.

முதல் கார்டை யாருக்கு எழுதலாம்?

இனிமேல் உங்களுக்கு எதுவும் செய்துதர முடியாத ஒருவருக்கு. ஐ.டி.ஐ.யில் வைண்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றுவிட்ட வாத்தியார், முதன்முதலில் வேலை கொடுத்து அப்புறம் கடையை மூடிவிட்ட முதலாளி, இப்படி யாராவது ஒருவர் எல்லாருக்கும் இருப்பார். அவர் சொல்லிக்கொடுத்ததில் எதை இன்றைக்கும் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். முகவரி தெரியாவிட்டால் கூடப் படித்த யாருக்காவது ஒரு போன் போட்டுக் கேளுங்கள், கிடைத்துவிடும்.